வேர் என்ன நிறம்

கோமாரா அண்ணன் ஹஜ்ஜுக்குப் புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தார். புனிதப் பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது எங்கள் பண்டுங் நகரத்து வழக்கம். பாதிப் பேர் வாசலில் நின்றபடியே அதை ஒப்பித்துவிட்டு, தட்டில் இருக்கும் பலகாரத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். கோமாரா அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி பெர்மானா, போன வருஷம் நீ நீர்ச்செடிப் போட்டியில பரிசு வாங்கினேல்ல? அப்ப நான் நம்ம கூட்டத்து யாயாட்கிட்ட ஒண்ணு சொன்னேன்."

"என்னண்ணே?"

"முந்தின நாள் சந்தையில செடி வாங்கி நட்டு வெச்சுட்டு, தானே வளர்த்ததுன்னு ஊரை ஏமாத்துறான்னு சொன்னேன். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். பொறாமை, வேற என்ன. மன்னிச்சிரு."

"அட, விடுங்கண்ணே" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. இந்த மனிதருக்கே என்மேல் பொறாமை என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று மூன்று நாள் அதையே நினைத்து நினைத்துப் பூரித்தேன். அவர் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், அது எவ்வளவு கடினமான காரியம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

நாங்கள் பதினொரு பேர். கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கிறவர்கள். அதிலும் ஏழை வகை. பணம் உள்ளவர்கள் சிலிண்டரில் கரியமில வாயு வாங்கித் தண்ணீருக்குள் விட்டு, மேலே கல்யாண மண்டபம் மாதிரி விளக்குப் போட்டு, பத்தே நாளில் காடு வளர்த்துக் காட்டுவார்கள். எங்கள் கூட்டத்தில் அதெல்லாம் கிடையாது. அடியில் தோட்டத்து மண், அதன்மேல் ஆற்று மணல், ஜன்னல் வெளிச்சம், நாலு மீன், மீன் போடும் எச்சம். அவ்வளவில் எது வளர்கிறதோ அதுதான் வளர்ச்சி. மாதத்தின் முதல் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பொரித்த டெம்பே என்னும் சோயாத் துண்டும் டீயும் வரும். தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் எந்த இலை புதிது என்று சண்டை போடுவோம். எங்கள் வீட்டுக்காரிகள் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கூட்டத்தின் பெருமை கோமாரா அண்ணனின் செடி. அவர் தபால்காரராக இருந்தவர். மலைப்பக்கம் கடிதம் கொடுக்கப் போன வழியில், ஒரு சின்ன ஓடையில் பாறை இடுக்கில் இருந்த செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். செம்பு நிறம், அலை அலையாக ஓரம், இலையின் அடிப்பக்கம் மட்டும் நாவல்பழச் சிவப்பு. பன்னிரண்டு வருடத்தில் அது பதினாலு செடியாகியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஓர் இலை விடும். அந்த ஓடையின்மேல் இப்போது விரைவுச்சாலை போகிறது.

பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லித்தரும் டாக்டர் ஹெஸ்தி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இலையை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஆனா இந்தச் சிவப்பை நான் வேற எதுலயும் பார்த்ததில்லை. பூத்தா கூப்பிடுங்க, பூவைப் பார்த்தாதான் பேர் சொல்ல முடியும்" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம், உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி என் ஜன்னலோரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொன்னார். அந்தப் பூவுக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஹஜ்ஜுக்குப் பேர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்ததைவிட அதிகப் பொறுமையோடு காத்திருந்தார் என்பான் யாயாட்.

அவரும் அவர் மனைவி ரொகாயா அக்காவும் ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பும்வரை, நாற்பது நாள் வீட்டையும் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. சாவியை என் கையில் வைத்து அவர் சொன்னது இதுதான்:

"மீனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை. தண்ணி வத்தினா ஒரு சொம்பு ஊத்து. வேற ஒண்ணும் செய்யாதே. என்ன ஆனாலும் கையை உள்ளே விடாதே."

"செய்யாம இருக்கறதுக்கு நான் எதுக்குண்ணே?"

"செய்யாம இருக்கத் தெரிஞ்சவனைத் தேடித்தான்டா உன்கிட்ட வந்தேன்."

என்னைப் பற்றி அவர் செய்த ஒரே தப்புக் கணக்கு அது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மிஷின் ஓடும் நேரத்தில் செடி வளர்ப்பு வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவேன். இரண்டே வருட அனுபவம். வேகமாக வளரும் கொடிகளைத் தவிர வேறு எதையும் வளர்த்ததில்லை. ஆனால் வாயைத் திறந்தால் பேராசிரியர் தோற்றுப்போவார்.

அவர் விமானம் ஏறிய மறுநாளே முடிவு செய்துவிட்டேன். நாற்பது நாள் கழித்துக் கதவைத் திறந்ததும் மனிதர் அசந்துபோக வேண்டும். மூன்று வாரத்துக்கு ஓர் இலையாமே! வளர்ச்சி என்றால் என்னவென்று காட்டுகிறேன் பார்.

என் வீட்டிலிருந்த பெரிய விளக்கைக் கொண்டுபோய் மாட்டினேன். வேருக்கு உர உருண்டை வைத்தேன். அதற்குக் கையை உள்ளே விடத்தான் வேண்டும், விட்டேன். இரண்டு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைக்கப் போடும் ஈஸ்ட்டைக் கலந்து, மூடியில் குழாய் செருகித் தொட்டிக்குள் விட்டேன். அது பொங்கிப் பொங்கி வாயு விடும். எங்கள் கூட்டத்தில் இதற்குத் திருட்டு காஸ் என்று பெயர். யாராவது செய்தால் ஒரு மாதம் டீ கிடையாது.

முதல் நாலு நாள் அற்புதம். இலையெல்லாம் குமிழ் குமிழாக மின்னியது. நான் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் கண்ணாடியில் பச்சைப் பாசி. எட்டாம் நாள் தண்ணீரே கீரை மசியல் மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் முக்கால் தொட்டியைக் காலி செய்து குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். பத்தாம் நாள் இலைகளின் ஓரம் நனைந்த காகிதம் மாதிரி ஒளி ஊடுருவத் தொடங்கியது. விரல் பட்டால் கரைந்தது. மூன்றே நாளில் பதினாலு செடியும் இலை ஒன்றுகூட இல்லாமல் உருகிப்போயின. வீடு முழுக்க அழுகல் நாற்றம். மணலில் பதினாலு குட்டைக் காம்புகள் மட்டும் நின்றன.

என் மனைவி இமாஸ் அன்று வீடு கூட்டக் கூட வந்திருந்தாள். தொட்டியைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா அழுகிருச்சு."

"இந்தக் குழாய், பாட்டில் எல்லாம் அதுவா நடந்து வந்துச்சா? அண்ணன்கிட்ட சொல்லிருங்க. போன் இருக்குல்ல."

"மக்காவுல நிக்கற மனுஷன்கிட்ட, உங்க செடி செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா? உனக்கு மனசாட்சி இருக்கா?"

கேட்பதற்கு இரக்கம் மாதிரி இருந்தது. அவள் மனசாட்சியைத் தட்டிக் கேட்டதில் என்னுடையது தப்பித்துக்கொண்டது. உண்மையில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். கூட்டத்தில் சிரிப்பார்கள்.

பதினாலையும் பிடுங்கினேன். இழுக்க இழுக்க வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன. இமாஸ் குப்பைப் பையைப் பிடித்திருந்தாள். நீள நீளமான வேர்களை உள்ளே போடப் போட அவள் குனிந்து பார்த்தாள்.

"வேரெல்லாம் முளைப்பயறு மாதிரி வெள்ளையா, கெட்டியா இருக்கே. இதுவா செத்தது?"

"இலை இல்லாத செடி செத்த செடி. உனக்கு என்ன தெரியும்? பையைக் கட்டு."

அவள் கட்டினாள். தெருமுனையில் குப்பை வண்டி நின்றது. அவளே கொண்டுபோய்ப் போட்டாள்.

வளர்ப்பு மீன் சந்தையில் ஒரு பெண்மணி கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். செம்பு நிறம், அலை அலையாக ஓரம். அடிப்பக்கம் சிவப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பதினாலு எண்ணி வாங்கினேன். நட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சுரீரென்றது. சந்தையில் வாங்கி நட்டுவிட்டு ஊரை ஏமாற்றுகிறான் என்று அண்ணன் பொறாமையில் கட்டிவிட்ட பொய்யை, ஒன்றுவிடாமல் நான் நிஜமாக்கிக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் சேறு. அப்படியே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. மீதி ஆறு செடியையும் வரிசை பார்த்து ஒழுங்காக நட்டேன்.

அவர் திரும்பி வந்த அன்று வீடு கொள்ளாத கூட்டம். சின்னச் சின்னக் கோப்பையில் ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சை, பாதாம். புதுத் தொப்பியோடு அண்ணன் பாதியாக இளைத்து, கறுத்து, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தார். வந்தவர்களை விட்டுவிட்டு நேராகத் தொட்டியிடம் போனார். நான் சமையலறைப் பக்கம் நகர்ந்தேன்.

"பெர்மானா! இங்க வாடா. இலை கொஞ்சம் அகலமா இருக்கே?"

"லைட் போட்டேன் அண்ணே. லேசா உரமும்." விளக்கையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போன பிறகும் பொய்க்கு அவை உதவின.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"பாருங்கப்பா. கையை விடாதேன்னு சொல்லிட்டுப் போனேன், விட்டிருக்கான். பன்னெண்டு வருஷமா என் கையில வராத வளர்த்தி நாப்பது நாள்ல இவன் கையில வந்திருக்கு. கைராசிக்காரன்!"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாயாட் கைதட்டினான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கசங்கின காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். யார் யாருக்காகப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டுபோன பட்டியல். "உன் பேரை ரெண்டு தடவை சொன்னேன் தம்பி. ஒண்ணு கடைக்கு, ஒண்ணு என் தொட்டியைப் பார்த்துக்கறதுக்கு."

அவர் கையைப் பிடித்து, "நானும் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அந்த 'ஏதாவது' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் முழுத் தொட்டியை ஒளித்து வைத்தேன்.

"மன்னிச்சேன், மன்னிச்சேன். பேரீச்சை சாப்பிடு."

சாப்பிட்டேன். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் வீடுவரை வாயிலேயே வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் யாயாட் வீடு மாறினான். தொட்டியை மாற்றி வைத்த ஒரு வாரத்தில் அவனுடைய செடிகளும் அப்படியே உருகிப்போயின. கடையில் வாங்கிய சாதாரண வகைதான், ஆனாலும் மனிதன் சனிக்கிழமைக் கூட்டத்தில் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். "எல்லாம் போச்சு. பிடுங்கிப் போட்டுட்டு மீன் மட்டும் வளர்க்கப் போறேன்."

"பிடுங்கினேன்னா கையை உடைப்பேன்" என்றார் கோமாரா அண்ணன். "இந்தச் சாதிச் செடிக்கு இடம் மாறினா, தண்ணி மாறினா, வெளிச்சம் மாறினா கோபம் வரும். இலையைக் கொட்டிரும். இலைதான் போச்சு, உயிர் வேர்ல இருக்கு. வேர் கறுத்துக் கொழகொழன்னு ஆனாத்தான் செத்துச்சுன்னு அர்த்தம். வெள்ளையா இருக்கற வரைக்கும் உயிர். ஒரு மாசம் தொடாதே."

என் டீ கையிலேயே ஆறியது. ஒரு மாதம் கழித்து யாயாட் வீட்டுத் தொட்டியில் சுட்டுவிரல் நுனி அளவுக்குச் செம்பு நிற இலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாரும் கூடிக் குனிந்து பார்த்தபோது நானும் குனிந்து பார்த்தேன். முளைப்பயறு மாதிரி வெள்ளையாக இருக்கே என்று இமாஸ் கேட்டது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் செத்ததை மறைத்தவன் இல்லை. உயிரோடு இருந்ததைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒரு வாரம் அவருக்கு இருமல். ஒரு வாரம் ரொகாயா அக்காவுக்கு முழங்கால் வலி. ஒரு வாரம் எனக்கே காய்ச்சல், அதுவும் நல்ல காய்ச்சல் இல்லை. இமாஸ் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதாவது எரிந்து விழ முடிந்தது.

டிசம்பரில் செடி பூத்தது.

காலை ஆறு மணிக்கு அண்ணன் போன் செய்தார். "தம்பி, பூடா! பூ! டாக்டர் அம்மா சாயங்காலம் வர்றாங்க. எல்லாரையும் வரச் சொல்லு. இமாஸையும் கூட்டிட்டு வா. நீ இல்லேன்னா இது பூத்திருக்குமா?"

போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. மழையில் இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். ரொகாயா அக்கா வாழைப்பழத்தைப் பொரித்து மலைபோல் குவித்திருந்தார். பதினொரு பேரும் வந்துவிட்டோம். தொட்டியில், இலைகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழல், அதன் நுனியில் முறுக்கிய வால். பூ என்று சொன்னால்தான் பூ. டாக்டர் ஹெஸ்தி முழங்காலிட்டு, சிறிய விளக்கடித்துப் பார்த்தார். பார்த்த சில நொடியிலேயே அவர் முகம் மாறியதை நான் கண்டேன். அதன்பிறகும் அவர் ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் இருந்தது, எப்படிச் சொல்வதென்று யோசித்ததால்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது இலங்கைப் பக்கத்துச் செடிங்க. பண்ணையில லட்சக்கணக்குல வளர்க்கறாங்க. எல்லாக் கடையிலயும் கிடைக்கும். என் பொண்ணுக்கே ஒண்ணு வாங்கிக் கொடுத்திருக்கேன்."

"நல்லாப் பாருங்கம்மா."

"பூ பொய் சொல்லாதுங்க."

கூரையில் மழை மட்டும் கொட்டியது. அண்ணன் தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"யாரோ கடைச் செடியை ஓடையில தூக்கிப் போட்டிருக்கான், அதை நான் எடுத்துட்டு வந்து பன்னெண்டு வருஷமா..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. நீங்க எல்லாரும் மரியாதைக்குக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க. ஹஜ்ஜுக்குப் போயும் வாய் அடங்கல எனக்கு. டாக்டர் அம்மாவையும் மழையில அலைய விட்டுட்டேன். எல்லாரும் மன்னிக்கணும்."

"அட, என்னண்ணே நீங்க" என்றான் யாயாட். "முடிவெட்டறவன் எப்பவோ மறந்திருப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. ரொகாயா அக்கா வாசலில் நின்றபடி, "நான்தான் சொன்னேனே, இதைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு ஆடாதீங்கன்னு" என்றார். சொல்லிவிட்டு முக்காட்டு ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் வரிசையாக ஒவ்வொருவர் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"உன்னையும் வீணா பாடுபடுத்திட்டேன் தம்பி. ஒரு கடைச் செடிக்கு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, இது உங்க செடி இல்ல."

"என்னது?"

"உங்க செடி இல்லண்ணே. நான் காஸ் விட்டேன், லைட் போட்டேன், எல்லாம் அழுகிருச்சு. சந்தையில இதை வாங்கி நட்டு வெச்சேன். பதினாலும் நான் வாங்கினது."

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணனுடைய முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. அவர் டாக்டர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களாம்மா? அப்ப நான் பொய் சொல்லல! என் செடி வேற! ரொகாயா, கேட்டியா? நான் பொய் சொல்லல!" என்றார். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி எல்லார் முகத்தையும் பார்த்தார். என்னைத் திட்டவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அந்த மகிழ்ச்சி எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு வாய் டீ குடிக்கும் நேரம். பிறகு மெதுவாக அது அவர் முகத்திலிருந்து இறங்கியது.

"அப்ப என்னோடது எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

டாக்டர் ஹெஸ்தி, "நான் எடுத்துட்டுப் போன காஞ்ச இலை ஒண்ணு இருக்கு. ஆனா பூ இல்லாம..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, நோயாளியைப் பற்றி விசாரிப்பவர் மாதிரிக் கேட்டார்.

"தம்பி, பிடுங்கினப்போ வேரைப் பார்த்தியா? வேர் என்ன நிறம்?"

அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற இமாஸும் என்னைப் பார்த்தாள்.

"கறுப்புண்ணே" என்றேன். "கறுத்து, கொழகொழன்னு இருந்துச்சு."

அண்ணன் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப அது முன்னாடியே செத்திருச்சு. நீ பிடுங்கியிருந்தாலும் ஒண்ணுதான், விட்டிருந்தாலும் ஒண்ணுதான். பயந்துட்ட. பயத்துல மறைச்சுட்ட. நான் மட்டும் யோக்கியமா? போ, விடு." எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாயாட் மூக்கை உறிஞ்சினான். யாரோ வாழைப்பழத் தட்டை நகர்த்தினார்கள். அறை இலேசாகிவிட்டது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது, நான் ஒப்புக்கொண்ட அளவுக்கு.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. இமாஸ் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் என் இடுப்பைச் சுற்றி இருக்கும் கை அன்று வண்டிக் கம்பியைப் பிடித்திருந்தது. இரண்டு சிக்னல் தாண்டியதும் கூப்பிட்டாள்.

"ஏங்க."

"ம்."

"அண்ணன் நாளைக்கு என்னைக் கேட்டா, நான் என்ன நிறம்னு சொல்றது?"

மிரட்டலாக இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பையைப் பிடித்தவள் அவள், கட்டியவள் அவள், குப்பை வண்டியில் போட்டவளும் அவள். என் பொய்யில் அவளையும் ஆயுள் முழுக்கக் குடியிருக்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கம் காதுவரை எரிந்தது. வண்டியைத் திருப்பினேன்.

எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அண்ணன் வாசலில் டீக் கோப்பைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "எதையாவது மறந்துட்டியா?" என்றார்.

"அண்ணே, வேர் வெள்ளையா இருந்துச்சு."

அவர் நிமிரவில்லை.

"பதினாலுமா?"

"பதினாலும். கெட்டியா, நீளமா. இமாஸ் சொன்னா, செத்த மாதிரி தெரியலையேன்னு. நான்தான் கேட்கல."

தட்டைத் தரையில் வைத்தார். வைத்த கை தட்டிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளேயிருந்து ரொகாயா அக்கா, "யாருங்க?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். பிறகு என்னிடம், கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"இன்னிக்குப் போயிரு தம்பி. இப்ப என்னால உன் மூஞ்சியைப் பார்க்க முடியல. மனசு ஆறினா நானே கூப்பிடறேன்."

ஏழு மாதம் ஆகிறது. முதல் சனிக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை, நானும் மன்னிப்பு வாங்கித் தரச்சொல்லி யாரையும் தூது விடவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. கடையில் போனைக் கல்லாவின்மேலேயே வைத்திருக்கிறேன். நேற்று மிஷின் சத்தத்துக்கு நடுவே அது அடித்தது. கையிலிருந்த காகிதத்தையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடினேன். யாரோ ஒரு மாணவி, ஆய்வேட்டை நாலு பிரதி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.